எழுத்தை விழுங்கும் எண்

எழுதுவோரைப் புகழ் மயக்குவது புதிய செய்தியன்று. ஆனால், அப்புகழை மணிக்கு மணி அளந்து கையிற் கொடுக்கும் கருவி ஒன்று தோன்றி, அந்த அளவே எழுத்தின் பயன் என்று நம்பச் செய்வது நம் காலத்தில் விளைந்த புதிய கேடாகும். இணையத்தில் வலைப்பதிவு எழுதப் புகும் தமிழ் இளையோர் பலர், ஓராண்டு கழிவதற்குள், எழுத்தாளராக வளர்வதற்கு மாறாக எண்ணிக்கைக்கு அடிமையராகி விடுகின்றனர். எழுதுவதற்குச் செலவிடும் பொழுதைவிட, எழுதியதை எத்தனைபேர் திறந்து பார்த்தனர் என்று பார்ப்பதற்குச் செலவிடும் பொழுது அவர்களிடம் மிகுந்து விடுகின்றது. உண்ணும்போதும் அந்த எண். உறங்கப் போகுமுன்னும் அந்த எண். விழித்தவுடன் முதலிற் காண்பதும் அந்த எண்ணே.

இதனை ஏதோ சிலருடைய தனிப்பட்ட பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. இதில் வீணாவது ஓர் இளைஞனின் உறக்கம் மட்டுமன்று. அவன் எழுதியிருக்க வேண்டிய நூல் எழுதப்படாமற் போகின்றது. தமிழுக்கு வந்து சேர வேண்டிய பொருள் வாராமலே நின்று விடுகின்றது. ஆகவே, இக்கேட்டின் வேர் எங்குள்ளது என்பதை ஆராய்ந்து பார்த்தல் நம் கடமையாகும்.

முதற்கண், வலைப்பதிவு நமக்குச் செய்த நன்மையை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். 1997-ஆம் ஆண்டு, சோர்ன் பார்கர் என்னும் அமெரிக்கர், தாம் இணையத்தில் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவந்த பக்கத்திற்கு ‘வெப்லாக்’ எனப் பெயரிட்டார். 1999-இல் ‘பிளாகர்’ என்னும் அமைப்பு வந்தபின், கணினி நுட்பம் அறியாதாரும் தமக்கென ஒரு பக்கத்தை விலையின்றி அமைத்துக்கொள்ள முடிந்தது. 2003-இல் அவ்வமைப்பைக் கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கியது. தமிழெழுத்து ஒருங்குறியில் நிலைபெற்றுவந்த அந்தக் காலத்திலேயே தமிழ் வலைப்பதிவுகளும் தோன்றின. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி 2004-இல் எழுந்தது.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. இதழாசிரியர் வாயிலில் காத்துக்கிடக்க வேண்டாம். தாளுக்கும் அச்சுக்கும் பொருள் தேடியலைய வேண்டாம். தொரண்டோவிலும் பாரிசிலும் வாழ்ந்த ஈழத்தமிழரும், கோலாலம்பூர்த் தமிழரும், மதுரைத் தமிழரும் ஒரே பொழுதில் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தனர். பெரிய இதழ்கள் கண்டுகொள்ளாத சிற்றூர்ச் செய்திகளும், தொழிற்சொற்களும், பெண்களின் பட்டறிவும், புலம்பெயர்ந்தோர் துயரும் எழுத்தாயின. கருவி நல்லதே. அதனுடன் சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்பட்ட எண்தான் நஞ்சாயிற்று.

அந்த எண் பல வடிவங்களில் வந்தது. பக்கத்தின் ஓரத்தில் வருகையாளரைக் கணக்கிடும் மானி ஒன்று. கட்டுரையின் கீழே மறுமொழிகளின் தொகை. திரட்டியில் முன்னிடம் பெறுவதற்கான வாக்கு. அக்காலத்தில் தமிழ்ப் பதிவுகளின் அடியில் ‘த.ம. 1’, ‘த.ம. 2’ என்று எழுதிச் சென்றவர் எத்தனைபேர்! தமிழ்மணத்தில் வாக்களித்துவிட்டேன் என்பதற்கு அது குறி. கட்டுரையில் என்ன சொல்லப்பட்டுள்ளது, அது சரியா தவறா என்பது பற்றி ஒரு சொல்லும் இராது. வாக்குப் போட்டதற்கான சான்று மட்டும் இருக்கும். இதற்குப் பதிவர்களே ஒரு பெயரும் வைத்தனர்: மொய். திருமணத்தில் மொய் எழுதியவர்க்கு அவர் வீட்டு நிகழ்ச்சியில் திருப்பி மொய் எழுதுவதுபோல, என் பதிவிற்கு வந்தவன் பதிவிற்கு நான் போகிறேன். மொய்ப் பணத்தாலாவது ஒரு குடும்பத்தின் கடன் அடையும். இந்த மொய்யால் எவருடைய அறிவு வளர்ந்தது?

இனி, இது வெறியாக முற்றுவது எவ்வாறு என்று பார்ப்போம். அமெரிக்க உளவியலறிஞர் இசுகின்னர் புறாக்களைக் கொண்டு நெடுங்காலம் ஆய்வு செய்தார். பெர்சுட்டர் என்பவரோடு சேர்ந்து 1957-இல் அவ்வாய்வுகளைப் பெருநூலாகவும் வெளியிட்டார். புறா ஒரு வில்லையைக் கொத்தினால் இரை விழும். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் இரை விழுந்தால், பசி தீர்ந்ததும் புறா ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்கு இரை விழும் என்று அறியமுடியாதவாறு, சிலபோது மூன்றாம் முறையும் சிலபோது முப்பதாம் முறையும் இரை விழுந்தால், புறா ஓயாமற் கொத்திக்கொண்டே இருக்கும். இரையை அடியோடு நிறுத்திய பின்னும் நெடும்பொழுது கொத்தும். சூதாட்டப் பொறிமுன் அமர்ந்தவன் எழுந்திருக்க மாட்டாமைக்கும் கரணியம் இதுவே.

வலைப்பதிவரின் நிலையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து முறை பக்கத்தைத் திறக்கின்றார், எண் மாறவில்லை. பதினோராம் முறை ஒரு மறுமொழி வந்திருக்கின்றது. அடுத்த நாள் இரண்டாம் முறையே ஐந்து மறுமொழிகள். எப்பொழுது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமையே கட்டிவைக்கும் கயிறாகின்றது. 2009-இல் முகநூல் தன் விருப்பக் குறியைக் கொண்டு வந்தபின், மறுமொழி எழுதும் சிறு உழைப்பும் வேண்டாவாயிற்று. ஒரு தொடுகை போதும். இரை சிறிதாயிற்று, கொத்தல் பெருகிற்று. வலைப்பதிவில் தொடங்கியவர் பலர் அங்கிருந்து முகநூலுக்கும், பின்னர்க் காணொளிக்கும் சென்றனர். இடம் மாறிற்று; எண்ணைப் பார்க்கும் கண் மாறவில்லை.

ஆதலால், இவ்வெறியில் வீழ்ந்தவரை உறுதியில்லாதவர் என்று நாம் இகழ்தல் தகாது. மாந்தரின் இயற்கையை நன்கறிந்தோர், அவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அமைத்த பொறி இது. யார்க்காக அமைத்தனர்? எழுதுவோர்க்காகவா? படிப்போர்க்காகவா? இரண்டுமன்று, விளம்பர வணிகர்க்காக. செய்தி பெருகும் இடத்தில் அதனை உண்டு தீர்க்கும் பொருளாகிய மாந்தரின் கவனம் அரிதாகிவிடும் என்று எர்பர்ட்டு சைமன் என்னும் அறிஞர் 1971-இலேயே எடுத்துக்காட்டினார். அரிதானது விலைபெறும். அந்தக் கவனத்தை அளந்து விற்பதே இப்பெருநிறுவனங்களின் தொழில். எத்தனைபேர் வந்தனர், எவ்வளவு நேரம் நின்றனர் என்னும் கணக்கு அவர்களுடைய கடைக்கணக்கு. கடைக்காரனின் கல்லாக் கணக்கைத் தன் எழுத்தின் தரச்சான்றாக எண்ணி எழுத்தாளன் மகிழ்வதும் துயருறுவதும் எத்துணைப் பேதைமை!

அந்த எண்தான் உண்மை சொல்லுமா எனில், அதுவும் இல்லை. தலைப்பைக் கண்டு திறந்து, முதல் வரியிலேயே மூடிவிட்டவனும் ஒன்று. ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவனும் ஒன்று. பக்கங்களைத் துருவிச் செல்லும் தேடுபொறியின் தானியங்கியையும் சில மானிகள் வருகையாளராகவே எண்ணிவிடும். படித்தவன் மகிழ்ந்தானா, சினந்தானா, திருந்தினானா என்று எண் சொல்லாது. பத்தாண்டு கழித்து ஒரு மாணவி அக்கட்டுரையைத் தேடிக் கண்டு தன் ஆய்விற்குப் பயன்கொள்வாளாயின், எழுதிய வாரத்தின் கணக்கில் அவளுக்கு இடமே இல்லை.

இவ்வளவும் எழுதுவோனுக்கு நேரும் இழப்பு. எழுத்துக்கு நேரும் இழப்போ இதனினும் பெரிது. இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் சார்லசு குட்டார்ட்டு, 1975-இல் பணக் கொள்கையை ஆராய்ந்தபோது ஓர் உண்மையைக் கூறினார். ஓர் அளவையே குறிக்கோளாக்கி நெருக்கத் தொடங்கினால், அந்த அளவு தன் பொருளை இழந்துவிடும் என்பது அதன் சாரம். வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்து எழுத்துக் கணக்கிற்கும் அப்படியே பொருந்துகின்றது. நல்ல எழுத்தைப் பலர் படிக்கக் கூடும் என்பதனால் எண் ஓர் அடையாளமாயிற்று. எண்ணே குறிக்கோளானவுடன், நல்லெழுத்து இல்லாமலே எண்ணைப் பெருக்கும் வழிகளை எழுதுவோன் கற்றுக்கொண்டான்.

அவ்வழிகள் எவை? முதலாவது, தலைப்பு. உள்ளே இல்லாத ஒன்றை இருப்பதுபோற் காட்டும் தலைப்பு. தொடர்பே இல்லாத நடிகர் பெயரைத் தேடுவோர் கண்ணில் படுவதற்காக நுழைத்த தலைப்பு. இரண்டாவது, விரைவு. ஒரு நிகழ்ச்சி நடந்த அரைமணியில் கருத்துச் சொல்லியாக வேண்டும். ஆராய்ந்து எழுதினால் கூட்டம் கலைந்துவிடும். மூன்றாவது, பூசல். ஓர் ஏரியின் வரலாற்றை எழுதினால் வருவோர் நாற்பதுபேர். ஒருவரை இழித்து எழுதினால் நாலாயிரம்பேர். இவ்வேறுபாட்டை ஒருமுறை சுவைத்தவன் மறுமுறை ஏரியைப் பற்றி எழுதுவானா? நான்காவது, மொழிக்கலப்பு. தூய சொல் எழுதினால் ஆள் வரமாட்டார் என்னும் அச்சத்தால், தனக்கு நன்கு தெரிந்த தமிழ்ச்சொல்லையும் விலக்கிக் கலப்புச் சொல்லைப் பெய்கின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாமலில்லை. எண் அவனுடைய தமிழைத் தின்கிறது.

இந்நான்கினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. நெடிய உழைப்புக் கைவிடப்படுகின்றது. தன் ஊர்த் தறிக்காரரிடமும் உப்பளத்தாரிடமும் வழங்கும் சொற்களைத் திரட்ட வேண்டுமானால் மூன்றாண்டு ஆகலாம். அந்த மூன்றாண்டும் ஒரு மறுமொழியும் வாராது. நாளுக்கொரு சிறு புகழுக்குப் பழகிய நாக்கு இந்தப் பட்டினியைப் பொறுக்காது. எனவே, சொல் தொகுக்கத் தகுந்தவன் திரைப்படக் கருத்துரை எழுதிக்கொண்டிருக்கின்றான். அச்சொற்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருக்கின்றனர்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கண்டனர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய செய்திகள் எட்டு என நன்னூல் வகுக்கின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் என வரும் அவ்வரிசையில் கேட்போர், பயன் என்னும் இரண்டும் உள்ளன. கேட்போரை நம் மரபு புறக்கணிக்கவில்லை. நூலின் இலக்கணத்திலேயே அவர்க்கு இடம் தந்திருக்கின்றது. ஆனால், அங்குக் கேட்கப்படுவது ‘யார் கேட்போர்?’ என்பது, ‘எத்தனைபேர் கேட்போர்?’ என்பதன்று. கேட்போர்க்கு அடுத்துப் பயன் வைக்கப்பட்டிருப்பதையும் நோக்குக. யார்க்காக எழுதுகிறோம் என்று தெரிந்தால்தான் என்ன பயன் என்று சொல்ல முடியும். எண்ணிக்கைக்கு எழுதுவோன் இரண்டையும் இழக்கின்றான்.

பல துறைகளையும் முற்றக் கற்றுப் புதியன படைத்தவனாயினும், தன்னைத் தானே புகழ்தல் தகாது என்றும் நன்னூல் கூறுகின்றது. அதனாலேயே பாயிரம் செய்யும் உரிமையை அவனுடைய ஆசிரியர்க்கும், உடன் கற்றவர்க்கும், மாணாக்கர்க்கும், உரைகாரர்க்கும் அளித்தது. இந்நால்வரும் நூலை அறிந்தவர், நூலாசிரியனையும் அறிந்தவர். இன்றோ, தன் பதிவைத் தானே பத்துக் குழுக்களில் கொண்டுபோய்ப் போட்டு, ‘படித்துவிட்டீர்களா?’ என்று வாயில்தோறும் கேட்டு நிற்கும் நிலை வந்துள்ளது.

எண்ணிக்கையை மறுத்து நின்றவர்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் தொலைவில் தேட வேண்டா. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே எல்லை வகுத்துக்கொண்டார். அவ்விதழின் மொழிநடை நமக்கு உடன்பாடன்று. எனினும், பெருங்கூட்டம் வேண்டா, உண்மையாகப் படிப்போரே வேண்டும் என்ற அவருடைய துணிவைப் போற்றத் தயங்குவோமாயின் நாம் நேர்மையற்றவராவோம். 1970 வரை வந்த அந்தச் சிற்றிதழ், தமிழ்ப் பாவுலகில் ஒரு பெரும் மாற்றத்திற்கு வழிவகுத்ததை அதனை எதிர்த்தவரும் மறுக்கவில்லை.

இணையத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல பகுதிகளிலும் வாழும் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் எவரும் விலையின்றிப் படிக்குமாறு வைத்தனர். அந்தத் தட்டெழுத்துக்கு யார் விருப்பக் குறி இட்டார்? 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைத் தலைப்பின்கீழ் எழுதியவர் பெயர் இருப்பதில்லை. அவ்விரண்டும் இன்றளவும் மாணவர்க்குப் பயன்படுகின்றன. கூட்டம் கூட்டிய பதிவுகளுள் எத்தனை இன்று நினைவில் நிற்கின்றன?

நினைவில் நிற்பது இருக்கட்டும். இருக்கின்றனவா என்றே கேட்க வேண்டியுள்ளது. விலையின்றிப் பக்கம் தந்த சியோசிட்டீசு, சப்பான் நீங்கலாக, 2009-இல் மூடப்பட்டது. தமிழர் பலர் ஆண்டுக்கணக்கில் மடலாடிய யாகூ குழுமங்களின் பதிவுகள் 2019 இறுதியில் நீக்கப்பட்டன. 2020-இல் அவ்வமைப்பே நின்றது. கூகுள் பிளசும் 2019-இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் குவிந்த வாக்கும் விருப்பமும் எங்கே? கடைக்காரன் கடையைக் கட்டினான். கல்லாக் கணக்கும் உடன் போயிற்று. படியெடுத்து வைத்துக்கொண்டவர் எழுத்துமட்டும் பிழைத்தது.

இங்கு ஒருவர் கேட்கலாம்: ‘படிப்பார் இன்றி எழுதுவது காட்டில் எறித்த நிலவன்றோ? தன் எழுத்தைப் பிறர் படிக்க வேண்டும் என்று விழைவது குற்றமா?’ குற்றமன்று. எழுதுவோன் படிப்போனைத் தேடுவது இயற்கை. மறுமொழியே கிடையாத எழுத்தாளன் உள்ளம் வாடுவான் என்பதும் உண்மை. அவன் எண்ணை நோக்கி ஓடுவதற்கு நாமும் ஒரு கரணியமாக இருக்கின்றோம். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து மகிழ்ந்துவிட்டு, ஒரு வரி எழுதாமல் கடந்து போகின்றவர் யார்? நாமே. பிழை கண்டால் பழிப்பதற்குக் கிடைக்கும் பொழுது, நன்மை கண்டால் சொல்வதற்குக் கிடைப்பதில்லை. பசித்தவனுக்குச் சோறிடாமல், அவன் கண்ட இடத்தில் உண்கிறான் என்று குறைகூற நமக்கு உரிமையில்லை. ஒரு நூலை, ஒரு கட்டுரையை முழுதும் படித்து, இன்ன இடம் நன்று, இன்ன இடம் பிழை என்று அடையாளங்காட்டி எழுதும் மடல் ஒன்று, ஓராயிரம் விருப்பக் குறிகளிலும் மேலானது. அதனை எழுதுவது தமிழ்ப்பற்றுடைய ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.

எழுதும் இளையோர்க்குச் சொல்லுவன சில உள. வலைப்பதிவை விட்டு ஓட வேண்டா. வருகை மானியைக் கண்ணிற் படாதவாறு அகற்றிவிடுங்கள். திறன்பேசி தரும் அறிவிப்புகளை நிறுத்துங்கள். எழுதி முடித்ததை ஒரு கிழமை வைத்திருந்து, மீண்டும் படித்துத் திருத்தி, அதன்பின் வெளியிடுங்கள். ஒரு கிழமையில் கெட்டுப்போகும் கருத்து, அன்றைக்கே வெளியிட்டாலும் நில்லாது. நாட்பதிவுகளோடு, இரண்டு மூன்று ஆண்டு உழைப்பை வேண்டும் பணி ஒன்றை மேற்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தைத் தாட்சண்ணியமின்றித் திருத்தக்கூடிய பத்துப்பேரைத் தேடிக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப்பேர் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதியவற்றையெல்லாம் உங்கள் கணினியிலும் தாளிலும் படியெடுத்து வையுங்கள். பெருநிறுவனத்தின் கொட்டிலில் மட்டும் கட்டிவைத்த மாடு உங்களுடையதன்று.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் கருதுதல் என்றும் இருபொருள் உண்டு. எழுதுவதற்கு முன் வேண்டுவது இரண்டாம் பொருள். எழுதிய பின் நம்மைக் கெடுப்பது முதற்பொருள்.

எண்ணி எழுதுக. எழுதியபின் எண்ணற்க!